எனக்குப் பின் யார் திறப்பார்?

கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்தால், மற்றக் கோப்புகளின் பெயரெல்லாம் கறுப்பில் இருக்க, சில பெயர்கள் மட்டும் பச்சையில் தெரிவதுண்டு. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் அலுவலகக் கணினிகளில் பழகியவர்கள் பார்த்திருப்பார்கள். விண்டோஸ் 10 வந்த பிறகு கோப்பின் சின்னத்தின் ஓரத்தில் ஒரு சிறு பூட்டுப் படம் தெரியும். அந்தக் கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, உரியவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாது என்பதே இரண்டுக்கும் பொருள். கோப்பின் மேல் வலது கிளிக், 'பண்புகள்', 'மேம்பட்டவை', பிறகு ஒரு சிறு கட்டத்தில் டிக். அரை நிமிட வேலைதான். ஆனால் அந்த அரை நிமிடத்தில் ஒருவர் பெரிய முடிவொன்றை எடுத்துவிடுகிறார். யார் பார்க்கக் கூடாது என்பதை யோசித்து முடிவு செய்கிறார். யார் பார்க்க முடிய வேண்டும் என்பதை யோசிப்பதில்லை. அந்தப் பாதி முடிவு அவர் அறியாமலே எடுக்கப்பட்டுவிடுகிறது.

இந்த வசதி விண்டோஸ் 2000 இயங்குதளத்தோடு வந்தது. சுருக்கமாக இஎஃப்எஸ் என்பார்கள். அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதன் மேல் மரியாதை வரும். நீங்கள் டிக் போட்டதும், கணினி அந்தக் கோப்புக்கென்றே புதிதாக ஒரு சாவியை உருவாக்குகிறது. அது யாராலும் ஊகிக்க முடியாத ஒரு எண். இன்றைய முறையில் 256 பிட் நீளம். சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். கோப்பு அந்தச் சாவியால் பூட்டப்படுகிறது. அடுத்து, அந்தச் சாவியே உங்கள் பொதுச் சாவியால், அதாவது பூட்ட மட்டுமே உதவும் இன்னொரு சாவியால், பூட்டப்பட்டு, அதே கோப்பின் தலைப்பகுதியில் வைக்கப்படுகிறது. அதைத் திறக்க உங்கள் தனிச் சாவி வேண்டும். தனிச் சாவி உங்கள் பயனர் கணக்குக்குள் இருக்கிறது. அதையும் ஒரு முதன்மைச் சாவி பூட்டிவைத்திருக்கிறது. அந்த முதன்மைச் சாவியைத் திறப்பது, தினமும் காலையில் நீங்கள் தட்டும் கடவுச்சொல். பூட்டுக்குள் பூட்டாக இத்தனை அடுக்குகள் இருந்தும் உங்களுக்கு எதுவும் தெரிவதில்லை. கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள், கோப்பை இருமுறை சொடுக்குகிறீர்கள், அது திறக்கிறது.

இத்தனைக்கும் நடுவே நிற்பது ஒரு சான்றிதழ். பொதுச் சாவி இன்னாருடையது என்று சொல்லும் சிறிய மின்னாவணம். அதைத் திறந்து பார்க்கலாம். 'யாருக்கு வழங்கப்பட்டது' என்ற இடத்தில் உங்கள் பயனர் பெயர் இருக்கும். 'யாரால் வழங்கப்பட்டது' என்ற இடத்திலும் அதே பெயர்தான். அலுவலக வலையமைப்போடு சேராத வீட்டுக் கணினியில், உங்களுக்கான சான்றிதழை உங்கள் பெயரிலேயே கணினி எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்கிறது. அடியில் சிறு சாவிப் படமும், இந்தச் சான்றிதழுக்குரிய தனிச் சாவி உங்களிடம் இருக்கிறது என்ற ஒரு வரியும் இருக்கும். காலாவதித் தேதியைப் பார்த்தால் 100 ஆண்டு தள்ளியிருக்கும். அந்தக் கணினி பத்து வருடம் உழைத்தால் பெரிது. அந்தப் பெயருக்குரிய மனிதர் இருக்கும் காலமும் நூறாண்டுக்குள் அடங்கிவிடும். சான்றிதழ் மட்டும் இயந்திரத்தையும் மனிதரையும் தாண்டிச் செல்லுபடியாகும். அதற்குரிய தனிச் சாவியோ அந்த ஒரே கணினியில், அந்த ஒரே கணக்குக்குள் கிடக்கிறது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் பார்த்தேன். கணவரை இழந்து சில மாதங்களே ஆன ஒரு பெண்மணி மடிக்கணினியோடு வந்திருந்தார். விண்டோஸ் கிளம்பாமல் போனதால் முந்தின வாரம் அதே கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரத் தம்பி சி டிரைவை ஃபார்மட் செய்து புது ஓஎஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் எல்லாக் கடையிலும் செய்வதுதான். சரக்கெல்லாம் டி டிரைவில் இருக்கிறது, அதைத் தொடாவிட்டால் போதும் என்பது அந்தத் தொழிலின் பால பாடம். இப்போது டி டிரைவில் ஒரு கோப்புறை மட்டும் திறக்கவில்லை.

"அக்கா, நான் சி டிரைவ் மட்டும்தான் ஃபார்மட் பண்ணேன். டி டிரைவ்ல கையே வைக்கலை."

"அவரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் தம்பி. அதே பேரு, அதே பாஸ்வேர்டுதான் இப்பவும் போட்டிருக்கு."

"அதே பேருல யூசர் போட்டாலும் சிஸ்டம் அவரா எடுத்துக்காதுக்கா. இது புது ஆளுதான் அதுக்கு."

திரையில் எல்லாம் இருந்தன. மனைப் பத்திரத்தின் ஸ்கேன், யார் யாரிடம் எவ்வளவு கொடுத்து வைத்திருக்கிறார் என்ற கணக்கு, மகள் படிப்புக்கான கடன் தாள்கள். ஒவ்வொன்றின் பெயரும் பச்சையில். அவர் வைத்த பெயர், அவர் கடைசியாகச் சேமித்த தேதி, கோப்பின் அளவு எல்லாம் சரியாகவே இருந்தன. வட்டில் ஒரு கீறல் இல்லை, ஒரு பைட் குறையவில்லை. சொடுக்கினால் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் வந்தது. பொருள் இருந்தது டி டிரைவில். சாவி இருந்தது சி டிரைவில். அந்தத் தம்பி அழித்தது சாவியை. அதற்கு நகல் எங்குமே இல்லை. அந்த அம்மா திரும்பத் திரும்ப அதே பெயரைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணினிக்கு இரக்கம் இல்லையா என்று அந்த இடத்தில் கேட்கத் தோன்றும். அதன் இரக்கமின்மையை நம்பித்தான் நாம் அதனிடம் ரகசியத்தைக் கொடுத்தோம் என்பதையும் நினைக்க வேண்டும். ரயிலில் மடிக்கணினியைப் பறிகொடுத்த வழக்கறிஞர், நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் மருத்துவர், தன்னிடம் உண்மையைச் சொன்னவர்களின் பெயரைக் காக்க வேண்டிய செய்தியாளர், வீட்டில் அடிவாங்கி அதற்கான ஆதாரத்தைச் சேர்த்துவைக்கும் பெண், இவர்களெல்லாம் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் பூட்டு யாருக்கும் இளகக் கூடாது. கெர்க்காஃப்ஸ் என்ற மொழியறிஞர் 1883இல் பிரெஞ்சு இராணுவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் இதற்கான அடிப்படையை வகுத்தார். பூட்டின் அமைப்பு எதிரிக்கு முழுவதும் தெரிந்திருந்தாலும், சாவி தெரியாதவரை ரகசியம் காக்கப்பட வேண்டும் என்றார். 1976இல் டிஃபியும் ஹெல்மனும் பொதுச் சாவி என்ற கருத்தை உலகின் முன் வைத்தார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் கணிதத்தைக் கண்டார்கள். 2001இல் அமெரிக்கா தர நிர்ணயம் செய்த ஏஇஎஸ் குறியாக்கத்தை வடிவமைத்தவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர். இப்படி நூற்றாண்டுக்கு மேல் பலர் உழைத்ததன் பயனாக, சாதாரண மனிதரின் மேசையிலும் அரசாங்கத்தாலேயே உடைக்க இயலாத ஒரு பூட்டு வந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாவியில்தான் எல்லாம் இருக்கிறது என்று கெர்க்காஃப்ஸ் சொன்னதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சாவி போனால் எல்லாம் போனது. திருடனுக்கும் மனைவிக்கும் உள்ள வேறுபாடு கணிதத்துக்குத் தெரியாது. சாவி இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றே அதற்குத் தெரியும்.

கடவுச்சொல் விஷயத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பழைய கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு நீங்களே புதியது வைத்தால், பழையதைக் கொண்டு முதன்மைச் சாவியைத் திறந்து, புதியதைக் கொண்டு மறுபடி பூட்டிக்கொள்கிறது கணினி. கோப்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. நீங்கள் மறந்துபோய், நிர்வாகி உரிமையுள்ள இன்னொருவர் உங்களுக்குப் புதிய கடவுச்சொல் போட்டுக் கொடுத்தால் நிலைமை வேறு. கணக்குக்குள் நுழைந்துவிடலாம், முகப்புத் திரையில் பழைய படம்கூட அப்படியே இருக்கும். பச்சைப் பெயர்கள் மட்டும் திறக்காது. தெரிந்தவர் கைமாற்றிக் கொடுத்ததும், தெரியாதவர் உடைத்துப் புதிதாக வைத்ததும் வேறு வேறு என்று அந்த ஏற்பாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. இருக்கும்போது கொடுத்தால்தான் கொடுத்ததாகும். இல்லாமல் போனபின், எவ்வளவு உரிமை உள்ளவர் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

இந்தப் பூட்டை வடிவமைத்தவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. விண்டோஸ் 2000இல் அவர்கள் இதற்கென மீட்பு முகவர் என்று ஓர் ஏற்பாடு வைத்தார்கள். ஒவ்வொரு கோப்பின் சாவியும் இருமுறை பூட்டப்பட்டது. ஒரு முறை உரியவரின் பொதுச் சாவியால், இன்னொரு முறை மீட்பு முகவரின் பொதுச் சாவியால். தனிக் கணினியில் அதன் நிர்வாகிக் கணக்கே மீட்பு முகவராக இருந்தது. உரியவர் சாவியைத் தொலைத்தாலும் நிர்வாகி திறந்து கொடுக்கலாம். கருணையுள்ள ஏற்பாடுதான். ஆனால் மடிக்கணினியைத் திருடியவன் நிர்வாகியின் கடவுச்சொல்லை அழித்துவிட்டு உள்ளே போனால், அத்தனை பேரின் கோப்பும் அவனுக்குத் திறந்தது. ஆகவே விண்டோஸ் எக்ஸ்பியில் அந்த முன்னேற்பாட்டை எடுத்துவிட்டார்கள். தனிக் கணினியில் மீட்பு முகவர் வேண்டுமானால் உரியவரே நியமித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் நியமிக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இது ஒரு மென்பொருளின் பதிப்பு வரலாறு மாதிரி தெரியலாம். நான் இதில் மனிதர்களின் பழைய சங்கடத்தைப் பார்க்கிறேன். இன்னொருவரிடம் சாவி இருந்தால், அவர் வழியாகக் களவு வரலாம். யாரிடமும் இல்லையென்றால், நம்மோடு சேர்ந்து அழிந்துபோகலாம். இரண்டுக்கும் நடுவே அபாயமே இல்லாத இடம் ஒன்று இருக்கிறதா என்று பொறியாளர்கள் தேடினார்கள். அப்படி ஓர் இடம் இல்லை என்று கண்டதும், அந்த முடிவை மனிதரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். யாரை நம்புவது என்பதை நிரலாக எழுதிவிட முடியாது.

எழுத முடியாது என்றாலும், நம்பிக்கையைப் பங்கிட்டு வைக்கக் கணிதம் உதவியிருக்கிறது. மேலே சொன்ன மூவரில் ஒருவரான ஆதி ஷமீர் 1979இல் ஒரு வழி சொன்னார். ஒரு ரகசியத்தை ஏழு பங்காக்கி ஏழு பேரிடம் கொடுக்கலாம். அவர்களில் எந்த ஐவர் கூடினாலும் அது வெளிப்படும். நால்வர் மட்டும் கூடினால் ஒரு துளியும் தெரியாது. இன்று இணையத்தின் பெயர் முறைமைக்கு உச்சியில் இருக்கும் சாவி இந்த எண்ணத்தைச் சார்ந்துதான் காக்கப்படுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஓரிடம், கலிஃபோர்னியாவில் ஓரிடம் என இரண்டு காப்பகங்கள். ஒவ்வொன்றுக்கும் உலகின் பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஏழு பேர். 2010 முதல், சடங்கு என்றே பெயரிட்டு, அவர்கள் ஒழுங்காகக் கூடுகிறார்கள். குறைந்தது மூவர் நேரில் வந்தால்தான் சாவியை இயக்க முடியும். இரண்டு காப்பகங்களும் அழிந்தாலும் மீட்பதற்கென்று தனியாக எழுவர்; அவர்களில் ஐவர் கூட வேண்டும். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாக் காப்பகத்தின் பெட்டகம் ஒன்றின் பூட்டு கோளாறாகித் திறக்கவில்லை. சடங்கைச் சில நாள் தள்ளிவைத்து, பூட்டு வேலை தெரிந்தவரை வரவழைத்து, துளையிட்டுத் திறந்தார்கள். உலகின் மிக நுட்பமான மின்சாவிக்குக் காவல் நிற்பவர்கள், கடைசியில் விமானம் ஏறி வந்து ஓர் அறையில் ஒன்றுகூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டமைப்பின் பலவீனம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் ஆதாரமே இதுதான்.

நம் வீட்டுக்கு வருவோம். வங்கிக் கணக்கு தொடங்கும்போது நாமினி யார் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். மனைவி பெயரோ மகன் பெயரோ எழுதுகிறோம். எழுதியதால் பணம் அவர்கள் கைக்குப் போய்விடுவதில்லை. நாம் இருக்கும்வரை நம்முடையதுதான். நமக்குப் பின் வங்கி யாரிடம் பேச வேண்டும் என்பதைச் சொல்லிவைத்திருக்கிறோம், அவ்வளவே. கணினிச் சாவிக்கும் இதே தேவை இருக்கிறது என்பதை உலகம் மெல்ல உணர்ந்துவருகிறது. கணக்கு செயலற்றுப்போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று குறித்துவைக்கும் வசதியை 2013இல் கூகுள் தந்தது. ஆப்பிள் 2021இல் மரபுத் தொடர்பாளர் என்ற வசதியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2023இல் நிறைவேறிய தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் இறந்தாலோ இயலாமல் போனாலோ அவருடைய தரவு உரிமைகளைச் செயல்படுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. ஆனால் இவையெல்லாம் நம் தரவு வேறொரு நிறுவனத்திடம் இருக்கும்போதுதான் உதவும். நம் மேசை மேல் உள்ள கணினியில் நாமே பூட்டிய கோப்புக்கு எந்த நிறுவனமும் பொறுப்பில்லை. அங்கே வங்கியும் நாம்தான், படிவமும் நாம்தான்.

குறியாக்கம் என்பது கணினி வல்லுநர்கள் மட்டும் செய்யும் காரியமாகவும் இப்போது இல்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவும்போது, பெரும்பாலான கணினிகளில் வட்டு முழுவதும் தானாகவே குறியாக்கமாகிவிடுகிறது. அதை மீட்கும் சாவி 48 இலக்க எண். அது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கையில் உள்ள திறன்பேசியும் குறியாக்கமானதுதான். யாரும் டிக் போடாமலே இன்று எல்லார் வீட்டிலும் பூட்டு விழுந்திருக்கிறது. குடும்பத்தின் புகைப்படங்களும் கணக்குகளும் பத்திர நகல்களும் அதற்குள் இருக்கின்றன.

செய்ய வேண்டியது அதிகமில்லை. இஎஃப்எஸ் பயன்படுத்துகிறவர் தன் சான்றிதழைத் தனிச் சாவியோடு சேர்த்து ஏற்றுமதி செய்துவைக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் பயனர் கணக்குகள் பகுதியில் இதற்கென்றே ஒரு வழிகாட்டி உண்டு. முதன்முதலில் கோப்பைப் பூட்டியதும் கணினியே அறிவிப்புக் காட்டி நினைவூட்டும். பெரும்பாலோர் அந்த அறிவிப்பை மூடிவிடுகிறார்கள். ஏற்றுமதி செய்தால் பிஎஃப்எக்ஸ் என்ற நீட்சியோடு ஒரு சிறு கோப்பு கிடைக்கும். சில கிலோபைட்தான், ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது. வாழ்நாள் முழுதும் பூட்டிவைத்ததையெல்லாம் திறக்க அது போதும். அதற்கொரு கடவுச்சொல் கொடுத்து, பென் டிரைவில் போட்டு, அந்தக் கணினியை விட்டு வேறிடத்தில் வைக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இன்னோர் இடத்தில் வைக்கலாம். புதிய சான்றிதழ் எடுத்தால் பழைய கோப்புகளைப் புதியதற்கு மாற்றிவிட வேண்டும்; அதுவரை பழைய சாவியையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். வேறொரு கணினியில் அதை நிறுவி, ஒரு கோப்பாவது திறக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படி ஒன்று இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் கடினம். மற்ற எல்லாம் பத்து நிமிடத்தில் முடியும். இதற்கு மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். யாரிடம் சொல்வது என்று யோசிக்கும்போதுதான், நம் வாழ்க்கையில் நாம் உண்மையிலேயே யாரை நம்புகிறோம் என்பது நமக்கே தெரியவருகிறது. சொல்லிவிட்டால் அபாயம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் கவனக்குறைவாக இருக்கலாம், மனம் மாறலாம். ஆனாலும், யாரையும் நம்பாமல் இருப்பதால் அபாயம் நீங்கிவிடுவதில்லை. வேறொரு பெயரில், நாம் இல்லாத நாளில், நமக்கு வேண்டியவர்கள் தலையில் விழுகிறது. அந்த அம்மாவின் கணவர் அவரிடமிருந்து எதையும் மறைக்க நினைக்கவில்லை; கடவுச்சொல்லையே கொடுத்துவைத்திருந்தார். திருடன் வருவான் என்று யோசித்தவர், தான் போய்விடுவோம் என்று யோசிக்கவில்லை. நம்மில் யார்தான் யோசிக்கிறோம்?

காத்தல் என்ற செயலில் மறைத்தல், ஒப்படைத்தல் என்று இரண்டு கடமைகள் இருக்கின்றன. மறைப்பதைக் கணிதம் நமக்காகச் செய்து கொடுத்துவிட்டது, குறையேதும் இல்லாமல். அதனாலேயே ஒப்படைப்பது முன்னெப்போதையும்விட நம் பொறுப்பாகியிருக்கிறது. பலவீனமான பூட்டுள்ள காலத்தில், சொல்லாமல் போனவரின் பெட்டியை உடைத்தாவது திறந்துகொண்டார்கள். இனி அது நடக்காது. பூட்டு எவ்வளவு உறுதியாகிறதோ, பூட்டியவர் அவ்வளவு முன்கூட்டி அன்பு காட்ட வேண்டியிருக்கிறது. மனிதர் என்றைக்கும் இருப்பவர் இல்லை. அதனால் தனக்கு மட்டும் என்று பூட்டிவைக்கும் எதுவும் ஒருநாள் எவருக்கும் இல்லாமல் போகும். இன்னொருவர் கையை நம்பிக் கொடுத்துவைத்தது மட்டுமே நமக்குப் பின்னும் நம்முடையதாக இருக்கும்.